கழித்த கால் மணி நேரம்

எங்கள் தையல் கடையில் சுவர்க்கடிகாரம் ஏழு காட்டினால் மணி ஆறே முக்கால் என்று அர்த்தம். இது கடைக்குள் இருக்கும் எங்கள் நாலு பேருக்குத் தெரியும், வெளியில் ஈ காக்கைக்கும் தெரியாது. காலையில் நாங்கள் தாமதமாக வருகிறோம் என்று முதலாளியக்கா கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். அவர் தடுக்கில் பாய்ந்தால் நாங்கள் கோலத்தில் பாய மாட்டோமா? மனதுக்குள் கால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு அதே பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தோம். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. கடை திறக்கச் சுவரைப் பார்ப்பார், கடை மூடத் தன் கைப்பேசியைப் பார்ப்பார். எங்கள் கைப்பேசிகள் அவர் மேசை இழுப்பறையில் கிடக்கும்.

இப்படிப் பதினோரு வருஷம் கழித்துக் கழித்துப் பழகிவிட்டது. வாடிக்கையாளர் யாராவது மணி கேட்டால் முள்ளைப் பார்ப்பேன், கழித்த விடைதான் வாயில் வரும். கழிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம், கழற்றியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

நான் அந்தக் கடையில் துணி வெட்டுகிறவள். பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள். என் வெட்டில் அரை இஞ்ச் தவறாது என்று தெருவே சொல்லும். தெரு சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். இந்தப் பெருமைதான் ஒரு மனிதரைச் சிறையில் தள்ளியது என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுகிறது என்ற அளவில்தான் சொல்கிறேன். இனிமேல் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்று இருக்கிறேன்.

எதிர்ச்சாரியில் சைக்கிள், ஸ்கூட்டருக்கு பஞ்சர் ஒட்டும் கடை இருந்தது. அதை வைத்திருந்தவரைத் தெருவில் எல்லோரும் பஞ்சர் அண்ணன் என்போம். தினமும் சாயங்காலம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வருவார். கையில் கிரீஸ் துடைக்க வெட்டுத்துணி வேண்டும் அவருக்கு. "மாஸ்டர், குப்பையில போடுறதை என் கையில போடுங்க" என்பார். நான் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அவருக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அவர் கடை இருந்த கட்டிடத்தின் சொந்தக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதினாலாம் தேதி காலையில் நடுத்தெருவில் இருவருக்கும் பெரிய வாய்ச்சண்டை. "என் கையாலதான் உனக்குச் சாவு" என்று பஞ்சர் அண்ணன் கத்தியதைத் தெரு முழுக்கக் கேட்டது. நான் அதே வார்த்தையை என் வீட்டுக்காரரிடம் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்கிறேன். அவர் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

அன்று சாயங்காலம் கட்டிடக்காரர் தன் வீட்டு மாடிப்படியில் நின்று மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ அவரைத் தலையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பேச்சு ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு அறுந்தது. அது தொலைபேசிக் கம்பெனியின் பதிவில் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. படிக்கட்டில் எங்கள் கடையில் வெட்டும் பள்ளிச் சீருடையின் நீலத் துணித்துண்டு ஒன்று கிடந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பஞ்சர் அண்ணன் கட்டிடக்காரரின் ஸ்கூட்டருக்கு ஒட்டுப் போட்டிருந்தார், துணி அதோடு போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்.

பஞ்சர் கடையிலிருந்து அந்த வீட்டுக்கு சைக்கிளில் சரியாகப் பதினைந்து நிமிஷம். போலீஸ்காரர் ஒருவரே மிதித்துப் பார்த்திருக்கிறார். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். பஞ்சர் அண்ணன் எத்தனை மணிக்குக் கடையை விட்டுக் கிளம்பினார்? ஆறே முக்கால் என்றால் அவர் அங்கே போயிருக்க முடியும். ஏழு என்றால் முடியவே முடியாது.

டீக்கடை ரேடியோவில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தபோதுதான் ஷட்டரை இறக்கினேன் என்று அவர் முதல் நாளே சொன்னார். டீக்கடையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசியாக அவரைப் பார்த்தவள் நான். மூன்று நாள் கழித்து என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

"எத்தனை மணிக்குத் துணி வாங்க வந்தார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆறே முக்கால் இருக்கும் சார்."

"இருக்கும்னா? கடிகாரத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் சார். அவர் வந்தா நான் கடிகாரத்தைப் பாப்பேன். இன்னும் எத்தனை சட்டை வெட்டணும்னு கணக்குப் போடுவேன்."

"அப்போ சரியா ஆறே முக்கால்."

"ஆமா சார்."

அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்கிற கடையின் உள்விஷயத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் அவிழ்த்துக் கொட்டவா முடியும்? அதுவுமில்லாமல் நான்தான் கழித்துச் சொல்லிவிட்டேனே, பிறகு என்ன?

கோர்ட்டிலும் அதையே சொன்னேன். பஞ்சர் அண்ணனின் வக்கீல் என்னை உருட்டி மிரட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அரை இஞ்ச் தப்புனா ஒரு பையன் பள்ளிக்கூடம் போக முடியாது சார். எனக்கு அளவு தப்பாது" என்றேன். கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நீதிபதிகூடப் புன்னகைத்த மாதிரி இருந்தது. தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு வரி வந்தது. அளவெடுக்கும் தொழிலில் ஊறியவர், நேரம் பற்றிய இவரது சாட்சியம் நம்பகமானது என்று. பஞ்சர் அண்ணனைப் பற்றியும் ஒரு வரி. முதலில் ஏழு என்றவர் பிறகு ஆறே முக்காலாக இருக்கலாம் என்று மாற்றிப் பேசினார், முன்னுக்குப் பின் முரண். ஆயுள் தண்டனை. நான் வீட்டுக்கு வந்து நம்பகமானது என்கிற வரியை என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

கொலை நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிற சமயம் கடிகாரம் நின்றுவிட்டது. முதலாளியக்காவுக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் ஏற முடியாது. நான் ஏறிக் கழற்றினேன். பின்பக்க மூடியைத் திறந்தால் பழைய பேட்டரியின் வயிற்றில் வெள்ளை டேப் சுற்றி, அக்காவின் கோழிக்கிறுக்கல் எழுத்தில் ஒரு தேதி. பேட்டரி எத்தனை நாள் உழைக்கிறது, கடைக்காரன் ஏமாற்றுகிறானா என்று பார்க்க அவர் எப்போதும் அப்படி எழுதி ஒட்டுவார். தேதி பதினாலு. மாதம், வருஷம் எல்லாம் அதே. அந்தத் தேதியை நான் கோர்ட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இறங்கியதும் கேட்டேன்.

"அக்கா, புது பேட்டரி போட்டா மணியை எப்படி வைப்பீங்க? கால் மணி நேரம் கூட்டியா?"

அக்கா சிரித்தார். "ஒரேயடியா கூட்டி வெச்சா உடனே கண்டுபிடிச்சுக் கழிச்சிடுவீங்களே! முதல்ல போனைப் பாத்து சரியா வைப்பேன். அப்புறம் தினம் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷமா தள்ளுவேன். ஒரு வாரத்துல பதினஞ்சு வந்துடும்."

பதினோரு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறோம், இந்தக் கள்ளத்தனம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றிய முதல் நாளும் கடிகாரம் சரியாக ஓடியிருக்கிறது. நான் சரியான மணியிலிருந்து கால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு பழைய சீருடை விவகாரம் ஞாபகம் வந்தது. உடம்பளவு முப்பத்தாறு என்றால் தையலுக்கும் தாராளத்துக்கும் சேர்த்து நான் கூட்டித்தான் வெட்டுவேன். ஒரு தடவை அளவெடுக்கப் போனவள் அவளே கூட்டி எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். நான் அதன்மேல் மறுபடி கூட்டி வெட்டினேன். நாற்பது சட்டையும் சாக்குப்பை. அவள் கணக்கிலும் தப்பில்லை, என் கணக்கிலும் தப்பில்லை. சட்டைதான் தப்பு. அந்த நாற்பது சட்டையைப் பிரித்துத் தைத்துவிட்டோம்.

"அன்னைக்கு பேட்டரியைக் காலையில போட்டீங்களா, சாயங்காலமா?" என்று கேட்டேன். அக்கா முகம் மாறியது. தேதியை அவரும் படித்தார்.

"காலையிலதான்... இல்லியே, கடை மூடுறப்போகூட சில தடவை மாத்தியிருக்கேன். நீங்கள்லாம் போன பிறகு."

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க யோசிக்க ரெண்டுமே நடந்த மாதிரி இருக்குடி."

மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பது அவள் வேலை, மற்றவர்கள் பேச்சில் துளை போடுவது அவள் பொழுதுபோக்கு. "காலையிலதான். நான்தான் ஸ்டூலைப் பிடிச்சேன். வெளியில மழை கொட்டுச்சே" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. ஆனால் அன்று மழையே இல்லை. மழை இருந்தால் நடுத்தெருவில் சண்டை எப்படி நடந்திருக்கும்? அவள் பிடித்த ஸ்டூல் பல்பு மாற்றிய நாளின் ஸ்டூலாக இருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடி அந்தச் சாயங்காலத்தைப் பார்க்க முயற்சி செய்தேன். பஞ்சர் அண்ணன் வாசலில் நிற்கிறார், கையில் கிரீஸ், நான் துணி அள்ளுகிறேன், நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறேன். கடிகாரத்தில் முள் இல்லை. ஏழு என்று நினைத்தால் முள் ஏழில் வந்து நிற்கிறது. ஆறே முக்கால் என்று நினைத்தால் மரியாதையாக ஆறே முக்காலுக்குப் போகிறது. இரண்டு வருஷம் ஆறே முக்கால் என்று சொல்லிச் சொல்லி, பார்த்தது அழிந்து சொன்னது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்படியே முள் ஏழில்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது நிஜ ஏழா, அக்காவின் ஏழா?

"சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர். "அரசாங்கம் முடிச்ச விஷயம். நீ போய் சொரிஞ்சா உன்னையே பொய்ச்சாட்சின்னு உள்ள போடுவான்."

"அவர் செய்யாம இருந்தா?"

"செஞ்சிருந்தா?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவர் குறட்டை விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. மறுநாள் கடைக்குப் போகாமல், பேட்டரியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஞ்சர் அண்ணனின் வீட்டுக்குப் போனேன்.

பஞ்சர் அண்ணி கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மூடப் போனார். நான் காலை நடுவில் வைத்துவிட்டேன். ஒரே அறை. கட்டிலுக்கடியில் கடையைக் காலி செய்தபோது எடுத்து வந்த டியூப்புகளும் காற்றடிக்கும் பம்ப்பும். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேட்டரியைக் கையில் வாங்கி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைத் தேடினார். வக்கீல் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார், நான் ஓடிவிடுவேன் என்கிற மாதிரி.

என்னை அன்று உருட்டி மிரட்டிய அதே வக்கீல்தான். பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போதாது. ஆனா இதோட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். கடிகாரம் அன்னைக்குக் காலையிலேயே சரியா வெச்சாச்சு, முள் ஏழில இருந்துச்சு, நான் பழக்கதோஷத்துல கழிச்சுட்டேன்னு. உறுதியா."

"எனக்கு உறுதியா தெரியாதே சார்."

"தெரியாதுங்கறது சாட்சியம் இல்லம்மா. தெரியாதுன்னு சொல்ல தெருவுல ஆயிரம் பேர் இருக்காங்க."

அண்ணி என் கையை விடவில்லை. "அன்னைக்கு அவ்வளவு உறுதியா சொன்னியே. கோர்ட்டே சிரிச்சுதே. அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லேன். ஏழுன்னு சொல்லு. உன் வாயால போனவரு உன் வாயாலயே வரட்டும்."

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. உள்ளபடியே சொல்கிறேன், நாக்கு நுனி வரை வந்தது. அவர் கொலை செய்தவராக இருந்தால் என்ன ஆகும் என்றுகூட அந்த நேரத்தில் நினைக்கவில்லை. நான் நினைத்தது வேறு. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் "சரியா" என்றார், நான் "ஆமா சார்" என்றேன். இன்றைக்கு வக்கீல் "உறுதியா" என்கிறார். யாராவது எனக்குத் துணியை நீட்டினால் நான் வெட்டிக்கொண்டே இருப்பேனா?

"அண்ணி, நடந்ததையெல்லாம் சொல்றேன். தெரிஞ்சதைத் தெரியும்பேன், தெரியாததைத் தெரியாதும்பேன்" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார். பிடித்திருந்ததைவிட அது அதிகமாக வலித்தது.

மேல்முறையீட்டில் என்னை மறுபடி விசாரிக்க அனுமதி வாங்க ஐந்து மாதம் ஆனது. முதலாளியக்காவும் வந்து, பேட்டரி தன்னுடையதுதான், காலையா சாயங்காலமா தெரியாது என்று சொல்லிவிட்டு அழுதார். பிறகு நான் கூண்டில் ஏறினேன். கடிகாரத்தைத் தள்ளி வைத்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அரசு வக்கீல் எழுந்தார். "அன்று சரியாக ஆறே முக்கால் என்றீர்கள். இன்று தெரியாது என்கிறீர்கள். எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல சார்."

"இரண்டும் எப்படி உண்மையாகும்?"

"அன்னைக்குத் தெரியும்னு நினைச்சேன். இன்னைக்குத் தெரியலைன்னு தெரியுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கடிகாரம் என்ன காட்டியது என்றாவது நினைவு இருக்கிறதா?"

"இல்லீங்க ஐயா. வெளியாளுக்கு நான் எப்பவும் கழிச்சுத்தான் சொல்லுவேன். அதனால ஏழு காட்டியிருக்கணும். அது என் பழக்கத்தை வெச்சுச் சொல்றது. கண்ணால பாத்ததை வெச்சு இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு என்றார். நான் சொன்னது அந்த மனிதருக்கு உதவியதா, குழி பறித்ததா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

தாழ்வாரத்தில் பஞ்சர் அண்ணனை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். இளைத்திருந்தார். கையில் கிரீஸே இல்லை, நகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலில் விழலாம் என்று போனேன். அவரோ கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"மாஸ்டர், உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நான் அந்த வீட்டுப் பக்கமே போகலை. அது எனக்குத் தெரியும். ஆனா நான் எத்தனை மணிக்குத்தான் கெளம்பினேன்?"

"அண்ணே, நீங்கதானே ஏழுன்னு சொன்னீங்க! ரேடியோவுல செய்தி ஆரம்பிச்சதைக் காதால கேட்டேன்னு சொன்னீங்க!"

"சொன்னேன். கேட்டேன்னுதான் நினைச்சேன். அப்புறம் நீங்க ஆறே முக்கால்னு சொன்னதும், அது செய்தியா இருக்காது, வேற ஏதோ நிகழ்ச்சியா இருக்கும்னு தோணிடுச்சு."

அதனால்தான் மாற்றிப் பேசினார். அந்த முரண்பாடுதான் தீர்ப்பில் வரியாக வந்தது. எனக்கு அழுகையோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல்தான் கோபம், வேறு யார்மேல் காட்டுவது? போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

"உங்க காதுல கேட்டதுண்ணே அது! உங்க உயிரு! அதை எதுக்கு விட்டீங்க? யாரு சொன்னா விட்டுடுவீங்களா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்களே, மாஸ்டர்" என்றார். "உங்களுக்கு அளவு தப்பாதே."